ஒளியிழையும் திசைவியும்: இல்லத்தார்க்கு ஒரு விளக்கம்

கழுகுமலை என்றவுடன் நம் நினைவில் எழுவன, பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து எடுக்கப்பெற்று முற்றுப்பெறாமலே நிற்கும் வெட்டுவான் கோயிலும், மலைச்சரிவில் வரிசையாக அமர்ந்திருக்கும் தீர்த்தங்கரர் திருவுருவங்களும், அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்தும் ஆகும். முற்காலப் பாண்டியர் ஆட்சியில் இவ்வூர் சமணர்தம் கல்விச் சாலையாகவும் திகழ்ந்தது என்பதற்கு இங்குள்ள வட்டெழுத்துக் கல்வெட்டுகள் சான்று பகர்கின்றன. குரவர்களோடு குரத்தியர் என்னும் பெண்பால் ஆசிரியரையும் அவை குறிப்பிடுவது ஈண்டு நினைக்கத்தக்கது. அன்று கல்வி வேண்டினோர் இம்மலை நோக்கி நடந்து வந்தனர். இன்றோ கோவில்பட்டிக்கும் சங்கரன்கோவிலுக்கும் இடையே, கரிசல் காட்டினூடே, கம்பம் விட்டுக் கம்பம் தாவி வரும் மெல்லிய கறுப்பு வடம் ஒன்று கல்வியை வீட்டு வாசலுக்கே கொண்டு வந்து சேர்க்கிறது.

ஆயினும் வாசல் வரை வந்தது வீட்டிற்குள் வந்துவிட்டது என்று கொள்வதற்கில்லை. நூறு மெகாபிட் வேகத்திற்குத் திங்கள்தோறும் பணம் கட்டும் இல்லங்களில், பின்கட்டு அறையில் அமர்ந்து போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கு ஐந்து மெகாபிட் கூடக் கிட்டாத நிலையை நாம் பரவலாகக் காண்கிறோம். வளைகுடா நாட்டில் உழைக்கும் தந்தை வெள்ளிக்கிழமைதோறும் தம் மக்கள் முகம் காண அழைக்கிறார். பேச்சு நடுவே படம் உறைந்து நின்றுவிடுகிறது. குறை யாருடையது? கம்பி கொணர்ந்தவரை நாம் நோகிறோம். அவரோ புதுக் கருவி ஒன்றை வாங்குமாறு கூறிச் செல்கிறார். உண்மைக் காரணம் பெரும்பாலும் வீட்டிற்குள் இருக்கும் கடைசி இருபது அடியிலேயே ஒளிந்துள்ளது. அந்த இருபது அடியைப் பற்றியதே இக்கட்டுரை.

ஒளி வந்த வழி

ஒளி ஓர் ஊடகத்திலிருந்து மற்றோர் ஊடகத்திற்குப் புகும்போது எவ்வாறு வளைகிறது என்னும் விதியைப் பாக்தாத் நகரத்து அறிஞர் இப்னு ஸஹ்ல் 984ஆம் ஆண்டளவிலேயே தம் நூலில் வடிவக் கணித முறையில் அமைத்துக் காட்டினார். அவரை அடுத்து வந்த இப்னுல் ஹைதம் ஒளியியலைச் சோதனைவழிப்பட்ட அறிவியலாக நிலைநிறுத்தினார். அவ்வளைவு ஓர் எல்லையைக் கடந்தால் ஒளி வெளியேறாமல் முழுவதும் உள்ளேயே திரும்பிவிடும். இம்முழு அகப் பிரதிபலிப்பே ஒளியிழையின் உயிர்நாடி. பஞ்சாபில் பிறந்த நரீந்தர் சிங் கபானி, ஹாப்கின்ஸ் என்பாரோடு இணைந்து, கண்ணாடி இழைக் கற்றை வழியே உருவத்தை அனுப்பிக் காட்டிய ஆய்வு 1954இல் வெளிவந்தது. கண்ணாடியில் உள்ள மாசுகளை நீக்கினால் நெடுந்தொலைவுச் செய்திப் போக்குவரத்திற்கே இழையைப் பயன்படுத்தலாம் என்று 1966இல் எடுத்துரைத்தவர் சார்லஸ் காவ். அவருக்கு நோபல் பரிசு 2009இல்தான் கிடைத்தது. கபானிக்கு அப்பரிசு கிடைக்காமற் போனது பற்றி இந்தியருக்கு ஒரு மனக்குறை உண்டு, நமக்கும் உண்டு.

இன்றைய நல்ல இழையில் ஒரு கிலோமீட்டர் தொலைவு கடந்த பின்னரும் நூற்றில் தொண்ணூற்றைந்து பங்கு ஒளி எஞ்சுகிறது. இழைக்குள் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2 லட்சம் கிலோமீட்டர் விரைகிறது. ஆதலின் சென்னையிலிருந்து கழுகுமலை வரையிலான ஏறத்தாழ 600 கிலோமீட்டரைக் கடக்க அதற்கு ஆயிரத்தில் மூன்று நொடியே போதும். அவ்வளவு விரைந்து வந்த ஒளிதான் நம் வீட்டு இரும்புப் பீரோவின் பின்னே வந்து தடுமாறுகிறது.

அரசின் முயற்சியையும் இங்குச் சுட்டுதல் வேண்டும். தேசிய ஒளியிழை வலையமைப்பு என 2011இல் இசைவு பெற்று, பின்னர் பாரத்நெட் எனப் பெயர் மாறிய திட்டத்தின் கீழ், தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளையும் இணைக்கும் பணியைத் தமிழ்நாடு கண்ணாடி இழை வலையமைப்பு நிறுவனம் மேற்கொண்டது. 2004இல் நொடிக்கு 256 கிலோபிட் கிடைத்தாலே அதனை அகலக்கற்றை என்று நடுவண் அரசின் கொள்கை ஏற்றுக்கொண்டது. 2023இல் அவ்வரம்பு 2 மெகாபிட் என உயர்த்தப்பட்டது. நாம் வாங்கும் இணைப்புகளோ இவ்வரம்பைப் பன்மடங்கு கடந்துவிட்டன.

இரண்டு கருவி, ஒரு பெட்டி

ரூட்டர் என்பதற்குத் திசைவி என்னும் சொல்லைத் தமிழில் ஆக்கியுள்ளனர். வருகின்ற செய்திப் பொட்டலம் ஒவ்வொன்றையும் எத்திசையில் அனுப்புவது எனத் தீர்மானிப்பதால் அப்பெயர் பொருத்தமானதே. ஆனால் கோவில்பட்டிக் கடைத்தெருவில் திசைவி கேட்டால் எடுத்துத் தருவார் இல்லை. அங்கே அது ரூட்டர். பலர் வாயில் வெறும் மோடம் அல்லது பாக்ஸ். இடைசெவல் தந்த கி. ராஜநாராயணன் கரிசல் வழக்குச் சொற்களை அகராதியாகத் தொகுத்தவர். மக்கள் நாவில் நிலைத்த சொல்லுக்கு உரிய மதிப்பை அவர் வழியே கற்ற நாம், இக்கட்டுரையில் ரூட்டர் என்றே எழுதுவோம்.

உண்மையில் இங்கு இரண்டு கருவிகள் உள. ஒளியை மின்குறியாக மாற்றுவது ஒன்று, அதற்கு ஓ.என்.டி. என்று பெயர். அம்மின்குறியைப் பல கருவிகளுக்குப் பங்கிட்டு, வைஃபை அலையாகவும் பரப்புவது மற்றொன்று; அதுவே ரூட்டர். இணைப்புத் தருவோர் இன்று பெரும்பாலும் இவ்விரண்டையும் ஒரே பெட்டியில் அடக்கித் தருகின்றனர். இவ்வேறுபாட்டை அறியாமையால் விளையும் பொருள் இழப்பு சிறிதன்று. சிலர் கடையில் விலையுயர்ந்த ரூட்டரை வாங்கி வந்து, ஒளியிழையின் பச்சை முனையைச் செருக இடமின்றித் திகைக்கின்றனர். சாதாரண ரூட்டரில் ஒளியிழைக்குத் துளை இராது. நான்கு இணைக் கம்பிகள் கொண்ட லேன் வடத்திற்கே துளை உண்டு. வேறு சிலர் தொலைபேசிக் கம்பி வழி இணையம் வந்த நாளில் வாங்கிய பழைய மோடத்தைப் பரணிலிருந்து இறக்குகின்றனர். அது வேறு இனம், பெரும்பாலும் இதற்கு உதவாது. ஓ.என்.டி.யையே தனியே வாங்குவோரும் உளர். அதன் வரிசை எண்ணை இணைப்புத் தருவோர் தம் மையத்தில் பதிவு செய்தாலன்றி அது செயற்படாது. ஆதலின் அவரைக் கேளாமல் ஓ.என்.டி. வாங்குதல் வீண்.

மையத்திலிருந்து புறப்படும் ஓர் இழை, தெருவில் உள்ள பிரிப்பான் வழியே முப்பத்திரண்டு அல்லது அறுபத்து நான்கு வீடுகளுக்குப் பிரிகிறது. இப்பிரிப்பான் மின்சாரம் வேண்டாதது. முப்பட்டகம் போன்று ஒளியைப் பங்கிடுவதே அதன் பணி. தெருவில் மின்தடை ஏற்பட்டாலும் நம் பெட்டிக்கும் மையத்திற்கும் மின்சாரம் இருப்பின் இணைப்பு அறாது என்னும் பேருதவி இதனால் கிடைக்கிறது. பன்னிரண்டு வோல்ட் தரும் சிறிய யு.பி.எஸ். ஒன்றைப் பெட்டியோடு பொருத்திவிட்டால் மின்தடை நேரத்திலும் படிப்பு தடைப்படாது. பெட்டியின் அடாப்டரில் அச்சிட்டுள்ள வோல்ட் அளவும் யு.பி.எஸ்.ஸின் வோல்ட் அளவும் ஒன்றாக இருத்தல் இன்றியமையாதது. ஆம்பியர் அளவு கூடுதலாக இருக்கலாம், குறைவாக இருத்தல் கூடாது. புது ரூட்டரில் ஆயிரக்கணக்கில் செலவிடுவதைக் காட்டிலும் இச்சிறு கருவி நம் வட்டாரத்திற்குப் பெரும்பயன் தரும் என்பது நம் கருத்து.

வாங்குமுன் அளந்து பார்த்தல்

புதுக் கருவி தேவையா என்பதை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. மடிக்கணினியை லேன் வடத்தால் பெட்டியோடு நேரே இணைத்து வேகத்தை அளக்க வேண்டும். அடுத்து, பெட்டியின் அருகே நின்று கைப்பேசியில் வைஃபை வழியே அளக்க வேண்டும். மூன்றாவதாகப் பின்கட்டு அறையில் அளக்க வேண்டும். வடத்தின் வழியே தொண்ணூற்றைந்து மெகாபிட் வந்து, பெட்டி அருகே வைஃபையில் நாற்பதே வந்தால் குறை பெட்டியின் வைஃபையில் உள்ளது. அருகே தொண்ணூறும் பின்கட்டில் நான்கும் வந்தால் குறை இடத்திலும் சுவரிலும் உள்ளது. அதற்குப் பெட்டியை நகர்த்துவதே முதல் மருந்து. வடத்திலேயே வேகம் இல்லையெனில் குறை வெளியே உள்ளது. எவ்வளவு உயர்ந்த ரூட்டரும் அதனைத் தீர்க்காது. இம்மூன்று அளவையும் ஒரு தாளில் குறித்து வைத்துக்கொண்டு பேசினால் இணைப்புத் தருவோரும் நம்மை மதித்து விடையளிப்பர்.

மற்றொரு மயக்கத்தையும் நீக்குவோம். வேகம் பிட் கணக்கில் சொல்லப்படுகிறது. கோப்பின் அளவோ பைட் கணக்கில் உள்ளது. எட்டுப் பிட் சேர்ந்தது ஒரு பைட். நூறு மெகாபிட் இணைப்பில் நொடிக்குப் பன்னிரண்டரை மெகாபைட்டே வரும். ஆதலின் 750 மெகாபைட் உள்ள பாடக் காணொளி இறங்க அறுபது நொடி ஆவது முறையே. அதில் வஞ்சனை எதுவும் இல்லை.

சோதனையில் குறை வைஃபையில்தான் என்று தெளிந்தால் ரூட்டர் வாங்கலாம். முதற்கண் அது 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்னும் இரு அலைவரிசைகளிலும் இயங்குவதாக இருத்தல் வேண்டும். தாழ்ந்த அலைவரிசை தொலைவு செல்லும், சுவரைத் துளைக்கும். ஆனால் நெரிசல் மிக்கது. அக்கம்பக்கத்து வீடுகளின் ரூட்டர்களும், புளூடூத் கருவிகளும், மைக்ரோவேவ் அடுப்பும் அதே வீதியில்தான் நடமாடுகின்றன. உயர்ந்த அலைவரிசை விரைவும் அகலமும் உடையது. ஒன்றிரண்டு சுவர்களுக்கு அப்பால் தளர்ந்துவிடும். இந்த 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் 605 மெகாஹெர்ட்ஸ் அகலத்தை உரிமமின்றிப் பயன்படுத்த நடுவண் அரசு 2018 அக்டோபரில் இசைவளித்தது முதல் வீடுகளுக்கு நல்ல இடவசதி கிடைத்துள்ளது.

அடுத்து நோக்க வேண்டுவது துளைகளின் வேகம். இரு அலைவரிசை என்று அட்டையில் பெரிதாக அச்சிட்டு, பின்புறத் துளைகளை நூறு மெகாபிட் அளவிலேயே நிறுத்திவிடும் மலிவுக் கருவிகள் பல. இருநூறு மெகாபிட்டுக்குப் பணம் கட்டுவோர் இதனை வாங்கின், அகன்ற கண்மாய்க்கு ஒடுங்கிய மடை வைத்தது போலாகும். கிகாபிட் துளை என்று குறித்திருக்கிறதா எனப் பார்த்தே வாங்க வேண்டும். லேன் வடமும் கேட் 5இ வகை அல்லது அதனினும் மேம்பட்டதாக இருத்தல் நலம். பத்துக்கு மேற்பட்ட கருவிகள் ஒரே நேரத்தில் இயங்கும் இல்லத்திற்கு வைஃபை 6 வகை ஏற்றது. ஒரே வேளையில் பல கருவிகளுக்குப் பங்கிடும் திறன் அதன் சிறப்பு. நான்கைந்து கைப்பேசிகளே உள்ள வீட்டிற்கு வைஃபை 5 போதும். அன்டெனாக்களின் எண்ணிக்கையைக் கண்டு மயங்குதல் வேண்டா. அலையின் ஆற்றலுக்குச் சட்டம் வரம்பு கட்டியுள்ளது. கொம்புகள் எட்டு இருந்தாலும் அவ்வரம்பு ஒன்றே.

கரிசல் வீட்டில் எங்கே வைப்பது?

நம் பக்கத்துப் பழைய வீடுகள் தெருவிலிருந்து உள்நோக்கி நீண்டு செல்வன. இழை தெருப்பக்கம் நுழைவதால் பெட்டியை முன்னறைத் தொலைக்காட்சியின் பின்னே ஆணியடித்து மாட்டிவிட்டு ஆள் போய்விடுகிறார். அலையின் பாதி தெருவுக்குப் போகிறது. மீதி கருங்கல் சுவரில் முட்டி ஓய்கிறது. ஈரம் ஏறிய கனத்த சுவரும், பீரோவும், குளிர்பதனப் பெட்டியும், நிலைக்கண்ணாடியும், நீர் நிறைந்த தொட்டியும் அலைக்குப் பெரும் தடைகள். எவர்சில்வர் பாத்திரங்கள் அடுக்கிய அலமாரியில் பெட்டியை வைப்போர் உளர். கதவை மூடிவிட்டு விருந்தினரை அழைப்பதற்கு அது ஒப்பாகும். வீட்டின் நடுக்கூடத்தில், ஆள் உயரத்தில், திறந்த இடத்தில் வைப்பதே சிறந்தது. இழை பொருத்த வருகின்ற நாளிலேயே நடுக்கூடம் வரை கொண்டுவருமாறு கேட்க வேண்டும். பின்னர்க் கேட்டால் அது தனி வேலை, தனிக் கூலி. நிமிர்ந்து நிற்கும் அன்டெனா தன்னைச் சுற்றிப் பக்கவாட்டில் அலையைப் பரப்பும்; மாடிக்கும் வேண்டுமெனில் ஒன்றைச் சாய்த்து வைக்கலாம்.

வெப்பம் நம் வட்டாரத்தின் தனிச்சிக்கல். இக்கருவிகள் பெரும்பாலும் 40 பாகை செல்சியஸ் வரை இயங்குமாறு அமைக்கப்பெற்றவை. சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ், காற்றோட்டமற்ற மூலையில் வெப்பம் அதனைத் தாண்டும். கருவி தானே நின்று நின்று எழும். ஆஸ்பெஸ்டாஸ் அல்லது தகரம் வேய்ந்த அறையைத் தவிர்ப்பதும், பெட்டியின் மீது துணி போர்த்தாமலிருப்பதும், புழுதியைத் துடைப்பதும் போதிய காப்பு. ஐப்பசி கார்த்திகை இடிமழையின்போது அடாப்டரைச் சுவரிலிருந்து கழற்றிவிட வேண்டும். கண்ணாடி இழை மின்சாரம் கடத்தாது என்பது உண்மை. ஆயின் அதனைத் தாங்கி வரும் எஃகுக் கம்பியும், வீட்டு மின்கம்பியும் கடத்தும்.

கரிசல் மண்ணும் ஒரு காரணி. மழைக்கு உப்பி, கோடைக்குச் சுருங்கி வெடிக்கும் இயல்பினது அது. அதில் ஊன்றிய கம்பம் சாயும்; புதைத்த குழாய் அசையும். இழையில் மடிப்போ இழுப்போ விழுந்தால் ஒளி கசியும். வீட்டினுள்ளும் இழையை ஆணியில் முறுக்கி மாட்டுதல், கதவிடுக்கில் நசுக்குதல் ஆகாது. வளைக்க நேரின் மூன்று சென்டிமீட்டர் ஆரத்திற்குக் குறையாமல் வளைக்க வேண்டும். கழற்றிய இழைமுனையைக் கண்ணருகே கொண்டு போய் நோக்குதல் தீங்கு. அதில் வருவது கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளி.

பின்கட்டுக்கு எட்டவே எட்டாத வீட்டில் இரண்டாவது ரூட்டர் தேவைப்படலாம். காற்றில் அலையைப் பிடித்து மறுபடி பரப்பும் ரிப்பீட்டர் மலிவானது. ஆயினும் வேகத்தில் ஏறத்தாழப் பாதியை அது விழுங்கிவிடும். லேன் வடம் இழுத்து அதன் முனையில் ரூட்டரை வைப்பதே உறுதியான வழி. அப்போது அவ்விரண்டாம் ரூட்டரை அக்சஸ் பாயின்ட் என்னும் முறைமைக்கு மாற்றிவிட வேண்டும். மாற்றாவிடில் ஒரு வீட்டிற்கு இரு கணக்கப்பிள்ளைகள் அமர்ந்து முகவரி வழங்குவது போலாகி, காணொளி அழைப்புகளும் அச்சுப்பொறியும் குழம்பும்.

பூட்டும் திறவுகோலும்

கருவியைப் பொருத்திய பின், உலாவியில் 192.168.1.1 என்றோ, பெட்டியின் அடியில் ஒட்டியுள்ள முகவரியையோ தட்டினால் அமைப்புப் பக்கம் திறக்கும். முதல் வேலை, அப்பக்கத்திற்கான கடவுச்சொல்லை மாற்றுவது. வைஃபை கடவுச்சொல் வேறு, இது வேறு. 2016இல் மிராய் என்னும் தீநிரல் உலகெங்கும் இலட்சக்கணக்கான ரூட்டர்களையும் கேமராக்களையும் கைப்பற்றியது. தொழிற்சாலை இட்ட கடவுச்சொற்களை உரியவர் மாற்றாமல் விட்டதே அதற்கு வழி திறந்தது. வைஃபை பூட்டுக்கு டபிள்யூ.பி.ஏ. 3 வகை இருப்பின் அதனையும், பழைய கைப்பேசிகள் இருப்பின் டபிள்யூ.பி.ஏ. 2 வகையையும் தெரிவு செய்யலாம். பொத்தானை அழுத்தி இணைக்கும் டபிள்யூ.பி.எஸ். வசதியையும், வெளியிலிருந்து கருவியை இயக்கும் வசதியையும் அணைத்துவிடுதல் நன்று. இணைப்பின் பெயராகக் குடும்பப் பெயரையும் கதவிலக்கத்தையும் வைத்தல் தெருவோர்க்கு முகவரி எழுதி ஒட்டுவதாகும். 2.4 அலைவரிசைக்கு 1, 6, 11 ஆகிய தடங்களுள் அண்டை வீட்டார் மிகுதியாகப் பயன்படுத்தாத ஒன்றைத் தெரிவு செய்யலாம். இம்மூன்றே ஒன்றன்மேல் ஒன்று படியாதவை.

அண்டை வீட்டுப் பிள்ளை தேர்வுக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்று கடவுச்சொல் கேட்டு வந்தால் மறுக்க நமக்கு மனம் வராது, மறுத்தலும் முறையன்று. அண்டையார்க்குரிய கடமை நம் மார்க்கம் வலியுறுத்துவது. ஆனால் அக்கடவுச்சொல் கைமாறிக் கைமாறி முன்பின் அறியாதவரிடம் சேர்ந்து, அவர் வழியே குற்றம் ஒன்று நிகழ்ந்தால், காவல் துறை முதலில் வந்து கேட்பது இணைப்பின் உரிமையாளரையே. இதற்கென்றே பெரும்பாலான ரூட்டர்களில் விருந்தினர் வலையமைப்பு என்னும் வசதி உண்டு. தனிப் பெயர், தனிக் கடவுச்சொல், தனி வேக வரம்பு. வீட்டுக் கணினியையும் கேமராவையும் அது தொடாது. வேலை முடிந்ததும் கடவுச்சொல்லை மாற்றிவிடலாம். உதவியும் செய்தோம், காவலும் காத்தோம்.

சிறார் காணத்தகாதவற்றைத் தடுக்க, பெயர்வழங்கி எனப்படும் டி.என்.எஸ். முகவரியை 1.1.1.3 என இடலாம். தகாத தளங்களை வடிகட்டும் இவ்விலவச வசதியைக் கிளவுட்ஃபிளேர் நிறுவனம் 2020இல் தொடங்கியது. இரவு பத்து மணிக்குமேல் குறிப்பிட்ட கைப்பேசிகளுக்கு இணைப்பை நிறுத்தும் வசதியும் பல ரூட்டர்களில் உண்டு. பிள்ளையின் கைப்பேசியில் சிம் வழி இணையம் இருக்கும்வரை இவ்வடிகட்டி அரைவேலியே என்பதையும் பெற்றோர் அறிதல் வேண்டும்.

இறுதியாக விளக்குகளைப் பற்றி ஒரு சொல். பெட்டியில் பான் என்று குறித்த விளக்கு நிலையாகப் பச்சையில் எரிந்தால் ஒளி நலமாக வந்து சேர்கிறது. லாஸ் என்னும் விளக்கு செந்நிறத்தில் மின்னினால் ஒளி வரவில்லை. இழை எங்கோ அறுந்தோ மடிந்தோ உள்ளது. அமைப்புப் பக்கத்தில் ஒளியின் அளவு எதிர் எண்ணாகக் காட்டப்படும். அது −20 எனில் நன்று. −27ஐ நெருங்கினால் இணைப்பு நூலிழையில் ஊசலாடுகிறது என்று பொருள். செவ்விளக்கு மின்னும்போது பலரும் செய்வது, பின்புறச் சிறுதுளையில் ஊசியை விட்டு அழுத்துவது. அதனால் அறுந்த இழை ஒட்டாது. பெட்டியில் பதிந்திருந்த பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அழிந்து, கோளாறு இரண்டாகும். பொருத்த வந்த அன்றே அவ்விரண்டையும் அவரிடம் கேட்டு, ஒரு தாளில் எழுதி, மின்கட்டண அட்டையோடு சேர்த்து வைத்துவிட வேண்டும்.